குற்றவாளிக் கூண்டில் டார்க் கன்வெர்ட்டர்!

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையன்கிட்ட பிரிண்டரைச் சரி பண்ணச் சொல்வாங்க. எலெக்ட்ரிக்கல் படிக்கிற பொண்ணுகிட்ட ஃபேன் ஏன் சத்தம் போடுதுன்னு கேட்பாங்க. மெக்கானிக்கல் படிக்கிற என்னை மாதிரி அப்பாவிகளுக்கு மிக்ஸி முதல் மோட்டார் பம்ப் வரை எல்லாமே சிலபஸ்தான்! சொந்தக்காரங்க நடத்துற இந்த வைவாவில் அரியர் வைக்காத இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் யாராவது இருந்தா கை தூக்குங்க பார்ப்போம்.

எனக்கு வந்த கேள்வி கொஞ்சம் காஸ்ட்லி. ராத்திரி பதினொன்றே முக்கால். ஹாஸ்டல். மறுநாள் இன்டர்னல். டெக்சாஸில் எம்.எஸ். படிக்கும் பெரியம்மா பையன் போன். அங்கே மதியம் ஒரு மணி.

"தம்பி, நீ ஆட்டோமொபைல் பேப்பர்ல நல்ல மார்க்னு பெரியம்மா சொன்னாங்களே..."

"ஏ பிளஸ் அண்ணா!" - வாய் சும்மா இருந்ததா? இல்லை.

மேட்டர் இதுதான். ஊரைக் காலி பண்ணிட்டுப் போன ஒரு சீனியரிடம் அண்ணன் ஒரு பழைய பிக்கப் ட்ரக்கை சல்லிசாக வாங்கியிருந்தார். ஆட்டோமேட்டிக் கியர். நாலு ரூம்மேட்ஸும் மளிகை சாமான் வாங்கப் போறது முதல் பார்ட் டைம் வேலைக்குப் போறது வரை அதில்தான். ஒரு நாள் டேஷ்போர்டில் மஞ்சள் நிற 'செக் இன்ஜின்' விளக்கு எரிஞ்சிருக்கு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்ததில் ஒரே ஒரு கோடு... பி0741. அதை எடுத்துக்கிட்டு ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போக, "டார்க் கன்வெர்ட்டர் போச்சு. கியர்பாக்ஸை இறக்கணும். 2,400 டாலர்" என்று சொல்லிட்டாங்க. அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்காக அவர் சேர்த்து வெச்சிருந்த பணத்தில் பெரும்பகுதி அது!

"நீ என்னடா சொல்ற? மாத்திடவா?"

கோடுக்கு என்ன அர்த்தம்னு தேடிப் பார்த்தேன். 'டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச் சர்க்யூட் - செயல்பாடு சரியில்லை அல்லது ஆஃப் நிலையில் சிக்கிக்கொண்டது'. அதான் பேரே போட்டிருக்கே! "ஆமாண்ணா, மாத்திடுங்க" என்று தீர்ப்பு எழுதிட்டுத் தூங்கிட்டேன்.

மறுநாள் எங்க ஆட்டோமொபைல் லேப் அண்ணனிடம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். கல்லூரிக்கு வருவதற்கு முன்பு சுரங்க டம்பர்களைச் சரி பார்க்கும் ஒர்க்ஷாப்பில் இருந்தவர் அவர். வீடு சைஸில் இருக்குமே, அந்த டம்பர்கள்! எல்லாம் டார்க் கன்வெர்ட்டர் வெச்ச வண்டிகள். கையில் இருந்த டீயைக் கீழே வெச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புகார்ல பேர் இருந்தா அவன்தான் திருடனா தம்பி?"

ஏ பிளஸ், அந்த இடத்திலேயே பணால்!

அன்று சாயங்காலம் அவர் நடத்திய பாடம்தான் இந்தக் கட்டுரை. எந்த ஊர் வண்டியாக இருந்தாலும் உங்களுக்கும் பயன்படும். படிங்க.

ரெண்டு டேபிள் ஃபேன் கதை

முதலில், இந்த டார்க் கன்வெர்ட்டர் யார்?

ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்க. ஒன்றை மட்டும் போடுங்க. அது தள்ளும் காற்றில் இன்னொன்றும் சுற்றும். ரெண்டுக்கும் நடுவில் எந்த இணைப்பும் கிடையாது. காற்றுக்குப் பதில் எண்ணெய், கூண்டுக்குப் பதில் மூடிய டப்பா... அவ்வளவுதான் அடிப்படை. இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது இம்பெல்லர். எண்ணெய் தள்ளுவதால் சுற்றி, கியர்பாக்ஸை ஓட்டுவது டர்பைன். நடுவில் ஸ்டேட்டர் என்று ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு, திரும்பி வரும் எண்ணெயைச் சரியான திசைக்கு மடக்கி விடுவார். அவர் புண்ணியத்தில்தான் வண்டி கிளம்பும்போது இன்ஜின் கொடுக்கும் முறுக்குவிசை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரை கூடும். லோடு ஏத்தின ட்ரக்கை நின்ற இடத்திலிருந்து நகர்த்த இது வரப்பிரசாதம்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானிய இன்ஜினீயர் ஹெர்மன் ஃபோட்டிங்கர். 1905-ல் காப்புரிமை வாங்கினார். எதற்காக? காருக்காக இல்லை, கப்பலுக்காக! வேகமாகச் சுற்றும் டர்பைனையும் மெதுவாகச் சுற்ற வேண்டிய புரொபெல்லரையும் சேர்த்து வைக்கத்தான் இந்த ஏற்பாடு. காருக்கு வந்தது பிறகுதான்.

ஆனால், எண்ணெயை நம்பி ஓட்டுவதில் ஒரு சிக்கல். ஃபேன் உதாரணத்திலேயே பாருங்க, ரெண்டாவது ஃபேன் முதல் ஃபேனைவிட எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றும். இந்த வித்தியாசத்துக்குப் பேர் 'ஸ்லிப்'. ஹைவேயில் மணிக்கணக்காகப் போகும்போது ஸ்லிப் இருந்தால், அத்தனையும் சூடாக மாறி வீணாகும். பெட்ரோலும் காலி, எண்ணெயும் காலி. அதனால் கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு கிளட்ச் வெச்சாங்க. வேகம் நிலையானதும் அது இன்ஜினையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டிவிடும். 'லாக்-அப் கிளட்ச்' என்று பேர். அதன் பிறகு ஸ்லிப் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்துவிடும்.

இந்தப் பூட்டு விழாவிட்டால் வருவதுதான் பி0741.

கோடைக் கூறு போடுவோம்

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களுக்கும் சின்ன ட்ரக்குகளுக்கும் ஓ.பி.டி.-2 என்ற சிஸ்டம் கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் சொருகினால் வண்டி பேசும். நம்ம ஊர்ப் புது கார்களிலும் இந்த சாக்கெட் இருக்கு. வீட்டில் கார் இருந்தா குனிஞ்சு தேடிப் பாருங்க.

கோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. 'பி' என்றால் பவர்ட்ரெய்ன், அதாவது இன்ஜினும் கியர்பாக்ஸும். அடுத்த '0' என்றால், எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. '7' என்றால் டிரான்ஸ்மிஷன் பிரச்னை. கடைசி ரெண்டு எண்கள் குறிப்பான புகார்.

இந்தப் புகாரை கம்ப்யூட்டர் எப்படி எழுதுதுன்னு தெரிஞ்சாதான் நம்ம கதை புரியும். அது கன்வெர்ட்டருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. 'கிளட்சைப் பூட்டு' என்று ஆர்டர் போடும். பிறகு இன்ஜின் வேகத்தையும் டர்பைன் வேகத்தையும் கழித்துப் பார்க்கும். ஆர்டர் போட்ட பிறகும் ஸ்லிப் குறையலைன்னா, 'சொன்னேன், நடக்கல' என்று ரெஜிஸ்டரில் எழுதி விளக்கைப் போட்டுவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்!

யார் தப்பால் நடக்கவில்லை என்று அதற்குத் தெரியாது. ஹாஸ்டலில் ஹெச்.ஓ.டி. போட்ட சர்க்குலர் நம்மகிட்ட வரலைன்னா, எழுதின கிளார்க் தப்பா, கொண்டு வந்த பியூன் தப்பா, நோட்டீஸ் போர்டு தப்பா, இல்லை பார்க்காத நாம தப்பா? பி0741-ம் அதே கேஸ்தான். ஆர்டர் போவது ஒயரில். ஒயர் ஒரு சோலினாய்டை இயக்கணும். சோலினாய்டு ஒரு வால்வை நகர்த்தணும். வால்வு எண்ணெய் அழுத்தத்தை கிளட்ச் பக்கம் திருப்பணும். அழுத்தம் கிளட்சைப் பூட்டணும். ஐந்து பேர் கை மாறும் வேலை. இதில் கடைசி ஆள்தான் 2,400 டாலர். முதல் நாலு பேரை விசாரிக்காமல் கடைசி ஆளை நான் உள்ளே தள்ளச் சொல்லியிருந்தேன்!

"அண்ணா, மாத்தாதீங்க! ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்று மெசேஜ் தட்டினேன். நல்லவேளை, அவர் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

விசாரணை ஆரம்பம்

லேப் அண்ணனின் ரூல் நம்பர் ஒன்: செலவு குறைந்த கேள்வியை முதலில் கேள்.

எண்ணெய் என்ன சொல்லுது? அளவு குறைஞ்சாலும் அழுத்தம் குறையும், கிளட்ச் பிடிக்காது. டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான வண்டிகளில் எண்ணெயைச் சூடான நிலையில், சமதளத்தில், இன்ஜின் ஓடும்போது, கியர் 'பார்க்'கில் இருக்கும்போதுதான் அளக்கணும். இன்ஜின் ஆயில் மாதிரி நிறுத்தி வெச்சு அளந்தால் கணக்கு தப்பிடும். எந்த வண்டிக்கு எப்படி என்பது மேனுவலில் இருக்கும். அண்ணன் ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டு போட்டோ அனுப்பினார். கொஞ்சம் அடர்ந்த சிவப்பு. கறுக்கவில்லை. "கருகின வாடை வருதாண்ணா?" "இல்லைடா." முதல் நல்ல செய்தி. கிளட்ச் தேய்ந்து எரிந்திருந்தால் பெரும்பாலும் வாடையே காட்டிக் கொடுத்திருக்கும்.

சம்பவம் நடந்தப்போ என்ன நிலவரம்? கோடு விழும் நொடியில் வேகம், ஆர்.பி.எம்., வெப்பநிலை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒரு போட்டோ மாதிரி பிடித்து வைக்கும். அதுக்குப் பேர் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்'. விளக்கு எரியுதேன்னு எரிச்சலில் கோடை அழிச்சீங்கன்னா இந்தத் தடயமும் சேர்ந்து அழிஞ்சிடும். அழிக்கிறதுக்கு முன்னாடி எழுதி வெச்சுக்குங்க! அண்ணன் வண்டியில் கோடு விழுந்தது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், சமமான ரோட்டில், வண்டி நன்றாகச் சூடான பிறகு. பூட்டு விழ வேண்டிய சரியான நேரம்.

பூட்டு விழுதா, இல்லையா? இதற்கு ஸ்கேனரே வேண்டாம். ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது, ஆக்ஸிலரேட்டரை அப்படியே வெச்சுக்கிட்டு பிரேக் பெடலை லேசா, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடணும். பிரேக் தொட்டால் கம்ப்யூட்டர் பூட்டைத் திறந்துவிடும். உடனே ஆர்.பி.எம். முள் சட்டுனு ஏறும். பெடலை விட்டால் மறுபடி இறங்கும். முள் அசையவே இல்லைன்னா, பூட்டு விழவே இல்லைன்னு அர்த்தம். பின்னாடி வண்டி இல்லாத காலி ரோட்டில் மட்டும் செய்யணும். அண்ணன் செய்தார். முள் அசையவில்லை.

ஆர்டர் போச்சா? இதுதான் கேஸின் திருப்பம். விலை குறைந்த கோடு ரீடர்கள் சில, டிரான்ஸ்மிஷன் தகவலைக் காட்டுவதில்லை. அண்ணன் ஒரு நண்பரிடம் நல்ல ஸ்கேனர் கடன் வாங்கினார். ரூம்மேட் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எண்களைப் படிக்க, அண்ணன் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். (ஓட்டுறவர் ஸ்கேனரைப் பார்த்தா, அடுத்து பார்க்கிறது ஆஸ்பத்திரி சீலிங்தான்!) 110-ல் போகும்போது இன்ஜின் 2,300. டர்பைன் 2,050. ஸ்லிப் 250. பக்கத்திலேயே, 'கிளட்ச் ஆர்டர்: ஆன்'.

ஆக, கம்ப்யூட்டர் ஆர்டர் போடுது. ஒருவேளை ஆர்டரே போடாமல் இருந்தால் விசாரணை வேறு பக்கம் திரும்பியிருக்கும். பிரேக் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு 'பிரேக் அமுக்கியிருக்கு' என்று பொய் சொன்னாலும், வெப்பநிலை சென்சார் 'வண்டி இன்னும் சூடாகலை' என்று பொய் சொன்னாலும் கம்ப்யூட்டர் பூட்டச் சொல்லாது. அதெல்லாம் சில்லறைச் செலவில் முடிகிற சமாச்சாரம்.

ஒயர் சரியா? ஒயர் அறுந்தாலோ, சோலினாய்டு காயில் எரிந்தாலோ கம்ப்யூட்டருக்கு மின்சாரத்திலேயே தெரிந்துவிடும். அப்போது பெரும்பாலும் பி0740, பி0743 என்று வேறு கோடு வரும். இருந்தாலும் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார் லேப் அண்ணன். எண்ணெய் கசிந்து உள்ளே போயிருக்கா, பச்சை பூத்திருக்கா என்று பார்க்கணும். மல்டிமீட்டரில் சோலினாய்டின் ரெசிஸ்டன்ஸை அளந்து மேனுவலோடு ஒப்பிடணும். சுத்தம், எல்லாம் சரி. ஒயர் நிரபராதி.

மிச்சம் மூணு பேர். சோலினாய்டு, வால்வு, கிளட்ச். மூணு பேரும் கியர்பாக்ஸுக்கு உள்ளே!

பேனைத் திறந்தபோது...

இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிளட்ச்தான் குற்றவாளி என்றால், முதல் ஒர்க்ஷாப் சொன்னது சரி. நான்தான் ரெண்டு வாரத்தை வீணாக்கிய ஆள். ஸ்லிப்போடு ஓட்ட ஓட்ட எண்ணெய் சூடாகி, கெடாததும் கெடும். அதனால் வேலைக்கு மட்டும் மெதுவாகப் போய் வரச் சொல்லியிருந்தோம். பெரியம்மா வேறு என் அம்மாவுக்கு போன் பண்ணி, "சின்னவன் பாத்துக்கிறானாம்" என்று சந்தோஷப்பட்டாங்களாம். இதுக்கு இன்டர்னலே தேவலை!

லேப் அண்ணன் அசரவில்லை. "கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். அடியில இருக்கிற ஆயில் பேனை மட்டும் கழட்டச் சொல்லு. அதுல ஒரு காந்தம் இருக்கும். அது சொல்லிடும்."

அண்ணன் வேறொரு சின்ன ஒர்க்ஷாப்பில் பேன் கழற்றுவதற்கு மட்டும் பேசி வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினார். (நீங்களே பண்றேன்னு வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் படுத்துடாதீங்க ப்ளீஸ்!) வீடியோ காலில் நானும் லேப் அண்ணனும் ஒரே போனை எட்டிப் பார்க்கிறோம். நம்ம ஊர் நேரம் ராத்திரி ஒன்பதரை.

பேன் இறங்கியது. காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை. "விரல்ல தேய்ச்சுப் பாருங்க, நறநறன்னு இருக்கா?" "இல்லை, மை மாதிரி இருக்கு." லேப் அண்ணன் முகத்தில் முதல் முறையா சிரிப்பு. அந்தப் பசை சாதாரணத் தேய்மானம், எல்லா வண்டியிலும் இருக்கும். கிளட்ச் உதிர்ந்திருந்தால் அடியில் கறுப்புத் துகள்கள் வண்டலாகத் தங்கியிருக்கும். உலோகச் செதில்கள் பளபளத்திருந்தால் அது இன்னும் பெரிய வியாதி. ரெண்டும் இல்லை!

இந்த வண்டியில் சோலினாய்டு, பேனைக் கழற்றினாலே கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. போல்ட்டைக் கழற்றி இழுத்தார் அந்த மெக்கானிக். அதன் கழுத்தில் இருந்த ரப்பர் ஓ-ரிங் கல்லு மாதிரி இறுகி, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. சோலினாய்டு ஆர்டரை ஒழுங்காக வாங்கியிருக்கு. ஆனால், அது திருப்பிவிட வேண்டிய எண்ணெய் அழுத்தம் கிழிந்த இடம் வழியாகக் கசிந்து போயிருக்கு. கிளட்ச் வரைக்கும் சேதி போய்ச் சேரவே இல்லை. மின்சாரக் கணக்கில் எல்லாம் சரி, அதனால்தான் கம்ப்யூட்டருக்கும் பிடிபடவில்லை.

புது சோலினாய்டு, புது ஓ-ரிங், ஃபில்டர், பேன் கேஸ்கெட், மேனுவலில் சொன்ன அதே வகை எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 310 டாலர். கோடை அழித்துவிட்டு அதே ஹைவேயில், அதே 110-ல் ஓட்டினார்கள். ரூம்மேட் எண்களைப் படித்தார். "இன்ஜின் 2,060... டர்பைன் 2,050..."

ஹாஸ்டல் வராண்டாவில் நான் போட்ட கத்தலில் வார்டன் வந்துட்டார். அது தனிக் கதை!

அப்போ முதல் ஒர்க்ஷாப் ஏமாத்துச்சா?

நானும் அப்படித்தான் கொதிச்சேன். லேப் அண்ணன் ஒத்துக்கவில்லை. "அவங்க செஞ்சிருந்தாலும் வண்டி சரியாகியிருக்கலாம். ஆனா கன்வெர்ட்டரோட சோலினாய்டையும் சேர்த்து மாத்தியிருந்தாதான். அவங்களுக்கு நேரம் மிச்சம், கேரண்டி கொடுக்கவும் சுலபம். அது அவங்க கணக்கு. உன் அண்ணன் பாக்கெட்டுக்கு அது சரியான்னு கேட்கறது நம்ம கணக்கு. அவங்க கேட்கலைங்கிறதைவிட, படிச்ச நீயே கேட்கலையேன்னுதான் எனக்கு வருத்தம்."

சுருக்குனு குத்துச்சு. உண்மைதானே! டார்க் கன்வெர்ட்டர் படம் வரைந்து பாகங்களைக் குறின்னு கேட்டா பதினாறு மார்க்குக்கு எழுதிடுவேன். அது வேலை செய்யலைன்னா முதலில் எதைக் கேட்கணும்னு எந்த செமஸ்டரிலும் நான் யோசித்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். ஒவ்வொரு பி0741-ம் ஓ-ரிங்கில் முடியாது. சில வண்டிகளில் வால்வு பாடி தேய்ந்திருக்கும். சிலவற்றில் நிஜமாகவே கிளட்ச் போயிருக்கும். அந்தப் பேனில் கறுப்புத் துகள் கிடந்திருந்தால் அண்ணன் 2,400 டாலரைக் கட்டியே ஆகணும். ஆனால் அப்போதும் அது தெரிந்து கட்டிய பணமாக இருந்திருக்கும், பயந்து கட்டிய பணமாக இல்லை. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு ஃப்ரெண்ட்ஸ்.

நம்ம ஊருக்கு இது எதுக்குன்னு கேட்கிறீங்களா? ஹெவி வண்டிகளுக்கான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஆலிசன் கம்பெனிக்கு நம்ம ஓரகடத்திலேயே தொழிற்சாலை இருக்கு. நாளைக்கு உங்களில் யாராவது கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரும்போது, "பி0741 வந்தா என்ன செய்வீங்க?" என்ற கேள்வி வரலாம். 'கன்வெர்ட்டரை மாத்துவேன்' என்று மட்டும் சொல்லிடாதீங்க. "ஆர்டர் போச்சா, போன ஆர்டர் எங்கே நின்னுச்சுன்னு பார்ப்பேன் சார்" என்று சொல்லுங்க.

காய்ச்சல் என்று போனால் நல்ல டாக்டர் தெர்மாமீட்டரைப் பார்த்துட்டு உடனே ஆபரேஷன் தேதி கொடுப்பதில்லையே! கோடும் தெர்மாமீட்டர் மாதிரிதான். உடம்பு சரியில்லைன்னு சொல்லும். ஏன்னு நாமதான் கேட்கணும்.

போன வாரம் பெரியம்மா பையன் மறுபடி போன் பண்ணினார். "தம்பி, வண்டியில ஏ.சி. கூலிங் வரலை. கம்ப்ரஸர் மாத்திடவா?"

"இருங்கண்ணா... முதல்ல ஃபியூஸைப் பார்த்தீங்களா?"